தண்டனையை அளப்பது யார்? டொராண்டோ நீதிமன்றங்களின் அனுபவம்

டொராண்டோ நகரின் டான் சிறைச்சாலையில் 1962 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், இரண்டு கைதிகள் தூக்கிலிடப்பட்டனர். கனடாவில் நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனைகள் அவைதான். 1976ல் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை கனேடிய நாடாளுமன்றம் சட்டத்திலிருந்தே நீக்கியது.

தூக்குமேடை அகன்றதோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஒரே குற்றத்தைச் செய்த இருவருக்கு ஒரே தண்டனை கொடுப்பது நியாயமா, அல்லது அவரவர் நிலையைப் பார்த்துக் கொடுப்பது நியாயமா? தண்டனையைக் கடுமையாக்கினால் குற்றங்கள் குறையுமா? தண்டனையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது நாடாளுமன்றமா, நீதிபதியா? இந்தக் கேள்விகள் கனடாவில் அரை நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வருகின்றன.

அந்த விவாதத்தின் முக்கியமான வழக்குகள் பலவும் டொராண்டோ நகரிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் எழுந்தவை. தெற்காசியாவுக்கு வெளியே தமிழர்கள் மிகப் பெருமளவில் வாழும் நகரங்களில் ஒன்று இது என்பதால், இந்தச் சட்டங்களின் விளைவு தமிழ்க் குடும்பங்களையும் நேரடியாகத் தொடுகிறது.

சட்டம் சொல்லும் அளவுகோல்

கனடாவில் குற்றவியல் சட்டம் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே குற்றவியல் கோவைதான். ஆனால் தண்டனை எந்த நோக்கத்துக்காக விதிக்கப்படுகிறது என்பதை அந்தக் கோவை நெடுங்காலம் தெளிவாகச் சொல்லவில்லை.

1984ல் அமைக்கப்பட்ட கனேடியத் தண்டனை ஆணையம் 1987ல் தனது அறிக்கையை அளித்தது. பெரும்பாலான குற்றங்களுக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளை நீக்க வேண்டும், நீதிபதிகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்க வேண்டும், அவற்றைக் கவனிக்க நிரந்தர அமைப்பு ஒன்று வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நிரந்தர அமைப்பு உருவாகவில்லை. ஆனால் அந்த அறிக்கை தொடக்கிவைத்த சிந்தனை 1996 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில் இடம்பெற்றது.

குற்றத்தைக் கண்டிப்பது, பிறரைத் தடுப்பது, தேவைப்படும் இடத்தில் குற்றவாளியைச் சமூகத்திலிருந்து பிரித்துவைப்பது, அவரைத் திருத்துவது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது, தவறுக்கான பொறுப்பை அவர் உணரச் செய்வது ஆகியவை தண்டனையின் நோக்கங்கள் என்று அந்தத் திருத்தம் பட்டியலிட்டது. குற்றத்தின் பாரதூரத்துக்கும் குற்றவாளியின் பொறுப்பின் அளவுக்கும் தண்டனை ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை அது அடிப்படை விதியாக்கியது.

குறைந்த தண்டனை போதுமானதாக இருக்கும்போது ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்றும், சிறை அல்லாத நியாயமான வழிகள் அனைத்தையும் நீதிபதி முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும், பூர்வகுடியினர் விடயத்தில் இதில் தனிக்கவனம் தேவை என்றும் சட்டம் கூறியது.

நீதிபதியின் முன் உள்ள வழிகள்

சிறு குற்றங்களில் நீதிபதி ஒருவரை நிபந்தனையுடனோ நிபந்தனையின்றியோ விடுவிக்கலாம். இப்படி விடுவிக்கப்பட்டவர் குற்றத்தைச் செய்தது உறுதியானாலும், சட்டத்தின் பார்வையில் தண்டிக்கப்பட்டவராகக் கருதப்பட மாட்டார். அடுத்த படிகள் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும். அதற்கு மேல் உள்ளது, 1996ல் புதிதாக வந்த நிபந்தனைத் தண்டனை. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத் தண்டனையை, பெரும்பாலும் வீட்டுக் காவலில், கடும் நிபந்தனைகளோடு சமூகத்திலேயே கழிக்க இது வழி செய்கிறது.

இறுதி வழி சிறை. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை என்றால் மாகாணச் சிறை. இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் மத்திய அரசின் சிறை. கனேடிய நீதிமன்றங்களில் "இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு" என்ற விசித்திரமான தண்டனை அடிக்கடி விதிக்கப்படுவதற்கு இந்தப் பிரிவே காரணம்.

துப்பாக்கியும் கட்டாயத் தண்டனையும்

சட்டம் ஒருபுறம் நிதானத்தைப் போதித்தபோது, அரசியல் மறுபுறம் கடுமையைக் கோரியது. துப்பாக்கியைப் பயன்படுத்திச் செய்யப்படும் கொள்ளை போன்ற பாரிய குற்றங்களுக்கு, குறைந்தது நான்கு ஆண்டுகள் சிறை என்ற விதி 1995ல் வந்தது. 2005ல் டொராண்டோவில் 80 கொலைகள் நடந்தன. அவற்றில் 52 துப்பாக்கியால் நிகழ்ந்தவை. அந்த ஆண்டைப் பத்திரிகைகள் "துப்பாக்கி ஆண்டு" என்றே அழைத்தன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் யங் வீதியில் கடைத்தெருக் கூட்டத்தின் நடுவே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பள்ளி மாணவி உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது.

இதன் பின்னணியில் ஸ்டீபன் ஹார்ப்பர் தலைமையிலான அரசு 2008ல் கொண்டுவந்த சட்டம், குண்டு நிரப்பிய தடைசெய்யப்பட்ட துப்பாக்கியை வைத்திருந்தால் முதல் முறையே குறைந்தது மூன்று ஆண்டுகள் சிறை என்று விதித்தது. அதற்கு முன்னர் அது ஓராண்டாக இருந்தது. 2012ல் வந்த மற்றொரு சட்டம் போதைப்பொருள் குற்றங்களுக்கும் கட்டாயத் தண்டனைகளைச் சேர்த்து, வீட்டுக் காவல் வாய்ப்பையும் வெகுவாகச் சுருக்கியது.

இந்த மூன்றாண்டு விதியைச் சோதித்தது டொராண்டோவின் ஜேன்-ஃபிஞ்ச் பகுதியில் தொடங்கிய நூர் வழக்கு. 2009 ஜனவரியில் ஒரு சமூக நிலையத்துக்கு அருகே பொலிசார் துரத்தியபோது, 19 வயது இளைஞர் ஒருவர் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை வீசியெறிந்தார். அவர் மீது முன்னர் குற்றப் பதிவு எதுவும் இல்லை. அவருக்கு 40 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த 40 மாதத் தண்டனையை மாற்றவில்லை. ஆனால் மூன்றாண்டுக் கட்டாய விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. உரிமம் பெற்ற துப்பாக்கியைத் தவறான இடத்தில் பத்திரப்படுத்திய ஒருவர்கூட அதே விதியில் சிக்கி மூன்றாண்டுகள் சிறை செல்ல நேரலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அந்த வழக்கு வெளிக்கொணர்ந்த இன்னொரு உண்மை கவனிக்கத்தக்கது. அதே குற்றத்தை அரசு வழக்கறிஞர் சுருக்க விசாரணையாக நடத்தினால் அப்போது குறைந்தபட்சத் தண்டனையே இருக்கவில்லை, உச்ச அளவு ஓராண்டாகத்தான் இருந்தது. முழு விசாரணையாக நடத்தினால் மூன்று ஆண்டுகளுக்குக் கீழே இறங்க முடியாமல் இருந்தது. அதாவது, கட்டாயத் தண்டனை மனிதத் தீர்மானத்தை ஒழிக்கவில்லை. திறந்த நீதிமன்றத்தில் காரணம் கூறித் தீர்ப்பளிக்கும் நீதிபதியிடமிருந்து, காரணம் கூறத் தேவையில்லாத வழக்கறிஞரின் மேசைக்கு அதை இடம் மாற்றியது.

2022 நவம்பரில் ஜஸ்டின் ட்ரூடோ அரசு கொண்டுவந்த சட்டம், போதைப்பொருள் குற்றங்களுக்கான கட்டாயத் தண்டனைகள் அனைத்தையும் துப்பாக்கிக் குற்றங்கள் சிலவற்றுக்கானவற்றையும் நீக்கியது. வீட்டுக் காவல் வாய்ப்பு மீண்டும் விரிவாக்கப்பட்டது.

கடுமை குற்றத்தைத் தடுக்கிறதா?

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் குற்றவியல் அறிஞர் அந்தனி டூப், ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் செரில் வெப்ஸ்டர் ஆகியோர் இது குறித்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பரிசீலித்து 2003ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தண்டனையின் நீளத்தைக் கூட்டுவதால் சமூகத்தில் குற்றங்கள் குறைகின்றன என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. குற்றம் செய்ய முனைபவரை அச்சுறுத்துவது, பிடிபடுவோம் என்ற நிச்சயமே அன்றி, பிடிபட்ட பின் எத்தனை ஆண்டுகள் என்ற கணக்கு அல்ல என்பது குற்றவியலில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கருத்து.

டொராண்டோவின் கொலை எண்ணிக்கை 2011ல் சுமார் 50க்கு இறங்கியது, 2018ல் 90ஐத் தாண்டியது. கடும் சட்டத்தை ஆதரிப்போர் முதலாவதையும் இரண்டாவதையும் தமக்குச் சாதகமாகக் காட்டலாம். ஆனால் ஒரு நகரின் எண்ணிக்கை மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. கட்டாயத் தண்டனை முழுமையாக அமலில் இருந்த ஆண்டுகளிலும் எண்ணிக்கை ஏறியும் இறங்கியுமே இருந்தது.

இளையோர் நீதித் துறை இதைவிடத் தெளிவான சான்றைத் தருகிறது. மேற்கத்திய நாடுகளில் சிறார்களை அதிக விகிதத்தில் சிறையிலடைக்கும் நாடுகளில் ஒன்றாகக் கனடா ஒரு காலத்தில் இருந்தது. 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம், சிறு குற்றங்களை நீதிமன்றத்துக்கு வெளியிலேயே தீர்க்கவும், காவலைக் கடைசி வழியாக வைக்கவும் பணித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தண்டனை பெற்றுக் காவலில் இருந்த இளையோரின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்தது. அதே காலத்தில் இளையோர் குற்ற விகிதம் கூடவில்லை, தொடர்ந்து குறைந்தே வந்தது.

2007 மே மாதம் டொராண்டோவின் பள்ளி ஒன்றுக்குள் ஒரு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, ஒன்ராறியோ அரசு ராய் மெக்மர்ட்ரி, ஆல்வின் கர்லிங் ஆகியோரிடம் ஆய்வொன்றை ஒப்படைத்தது. 2008 நவம்பரில் வெளியான அவர்களின் அறிக்கை, வறுமை, இனப்பாகுபாடு, மோசமான குடியிருப்புச் சூழல், கல்வியில் கைவிடப்படுதல், வேலையின்மை ஆகியவற்றையே வன்முறையின் வேர்களாக அடையாளம் கண்டது. காவல்துறை நடவடிக்கையாலும் தண்டனையாலும் மட்டும் இந்த வேர்களை அறுக்க முடியாது என்பது அதன் சாரம்.

பூர்வகுடியினருக்கான நீதிமன்றம்

1999 ஏப்ரலில் கனேடிய உச்ச நீதிமன்றம் வழங்கிய கிளாடு தீர்ப்பு, பூர்வகுடியினர் சிறைகளில் அளவுக்கு மீறி நிரம்பியிருப்பதை நீதித்துறையின் நெருக்கடி என்று வர்ணித்தது. ஒரு பூர்வகுடி நபருக்குத் தண்டனை விதிக்கும்போது, காலனியாதிக்கம், உறைவிடப் பள்ளிகள், குடும்பச் சிதைவு ஆகியவை அவருடைய வாழ்வை எப்படிப் பாதித்தன என்பதை நீதிபதி கட்டாயம் கவனிக்க வேண்டும் என்று அது விதித்தது.

அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2001 அக்டோபரில் டொராண்டோவின் பழைய நகர மண்டபத்தில் முதலாவது கிளாடு நீதிமன்றம் தொடங்கப்பட்டது. டொராண்டோ பூர்வகுடிச் சட்ட சேவை அமைப்பின் பணியாளர்கள் ஒவ்வொருவரின் வாழ்க்கை வரலாற்றையும் விசாரித்து அறிக்கை தயாரிப்பார்கள். அவருக்கு ஏற்ற சிகிச்சை, தங்குமிடம், சமூகத் திட்டம் எது என்பதையும் அதில் குறிப்பிடுவார்கள்.

தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நெருக்கடி தணியவில்லை. மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதமான பூர்வகுடியினர், மத்திய சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். 2021 இறுதியில் மத்திய சிறைகளில் இருந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பூர்வகுடிப் பெண்கள் என்று சிறைத்துறைக் கண்காணிப்பாளர் அலுவலகம் அறிவித்தது. தண்டனை விதிக்கும் மேசைக்கு ஒருவர் வந்து சேருவதற்கு முன்பே நடந்து முடிந்த அநீதிகளை நீதிபதியால் மட்டும் சரிசெய்ய முடியாது என்பதையே இது உணர்த்துகிறது.

கறுப்பின இளைஞர்களும் மாரிஸ் தீர்ப்பும்

1992 மே மாதம் யங் வீதியில் நடந்த கலவரத்துக்குப் பின் ஒன்ராறியோ அரசு அமைத்த ஆணையம், நீதித்துறையில் வேரூன்றியுள்ள இனப்பாகுபாடு குறித்து 1995ல் அறிக்கை அளித்தது. மாகாணச் சிறைகளில் கறுப்பினத்தவர் அனுமதிக்கப்படும் விகிதம் வெள்ளையரின் விகிதத்தைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று அது கண்டறிந்தது.

இந்த உண்மையைத் தண்டனை விதிப்பில் எப்படிக் கணக்கிலெடுப்பது என்பதில் நீதிபதிகள் நெடுங்காலம் தடுமாறினர். டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் கொக்கெய்னுடன் பிடிபட்ட இரண்டு ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு, அவர்களின் சமூக நிலையைக் கருதி நீதிபதி கேசி ஹில் 2003ல் வீட்டுக் காவல் விதித்தார். நீதிபதி தன் வரம்பைத் தாண்டிவிட்டார் என்று 2004ல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. எனினும் தண்டனையின் பெரும்பகுதி கழிந்துவிட்டதால் அந்தப் பெண்கள் சிறைக்கு அனுப்பப்படவில்லை.

2014 டிசம்பரில் ஸ்கார்பரோவில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியுடன் பிடிபட்ட 22 வயது கறுப்பின இளைஞரின் வழக்கில் இந்த விவாதம் மீண்டும் எழுந்தது. டொராண்டோவில் கறுப்பினத்தவரின் அனுபவம் பற்றி நிபுணர்கள் தயாரித்த அறிக்கையும், அந்த இளைஞரின் வாழ்க்கைப் பின்னணி பற்றிய தனி அறிக்கையும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டன. அரசுத் தரப்பு நான்கு ஆண்டுகளுக்குக் குறையாத சிறை கேட்டது. நீதிபதி ஷான் நகட்சுரு 2018ல் 15 மாதங்களை ஏற்ற தண்டனையாகக் கண்டு, பொலிசார் செய்த உரிமை மீறல்களுக்காக அதை 12 மாதங்களாகக் குறைத்தார்.

2021 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு அமர்வு அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவாக உயர்த்தியது. முதல் தண்டனையை அவர் ஏற்கெனவே கழித்துவிட்டதால் கூடுதல் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. குற்றத்தின் பாரதூரத்தை இனப்பாகுபாடு குறைத்துவிடாது, ஆனால் அதைச் செய்தவரின் தார்மீகப் பொறுப்பை அது குறைக்கக்கூடும், இதற்கு நேரடிக் காரணத் தொடர்பை நிரூபிக்க வேண்டியதில்லை என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. மாரிஸ் தீர்ப்பு என்று அறியப்படும் இது, ஒன்ராறியோவில் தண்டனை விதிப்பின் முக்கிய வழிகாட்டியாக விளங்குகிறது.

சிகிச்சையும் சிறையும்

போதைக்கு அடிமையானவரைச் சிறையில் அடைத்து வெளியே விட்டால் அவர் மீண்டும் அதே வாசலுக்குத்தான் வருகிறார் என்ற அனுபவமே, டொராண்டோவில் 1998 டிசம்பரில் கனடாவின் முதலாவது போதைச் சிகிச்சை நீதிமன்றம் தோன்றக் காரணமானது. வன்முறை சாராத குற்றத்தை ஒப்புக்கொள்பவர் நீண்ட காலச் சிகிச்சைக்கு உடன்படுகிறார். அடிக்கடி நீதிபதியின் முன் தோன்றுகிறார். அதை நிறைவு செய்தால் சிறை தவிர்க்கப்படுகிறது. அதே ஆண்டில் மனநலம் குன்றியோருக்கான தனி நீதிமன்றமும் இந்நகரில் தொடங்கியது. 2023ல் ஆர்மரி வீதியில் திறக்கப்பட்ட புதிய கட்டடம், நகரில் சிதறியிருந்த குற்றவியல் நீதிமன்றங்கள் பலவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தது.

அதே வேளை, ஒன்ராறியோவின் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விளக்கமறியலில் விசாரணைக்காகக் காத்திருப்போர். 2014ல் திறக்கப்பட்ட டொராண்டோ தெற்குத் தடுப்பு நிலையத்தில், ஊழியர் பற்றாக்குறையால் கைதிகள் நாள் முழுவதும் அறைகளுக்குள் பூட்டிவைக்கப்படுவதை நீதிபதிகள் பலமுறை கண்டித்துள்ளனர். இப்படிக் கழிந்த நாட்களைத் தண்டனையில் எப்படிக் கழிப்பது என்பது தனிப் போராட்டமாகவே நடந்தது. ஒரு நாளுக்கு ஒரு நாளே கழிவு என்று 2010ல் நடைமுறைக்கு வந்த சட்டம் பொதுவிதியாக்கியது. ஒரு நாளுக்கு ஒன்றரை நாள் வரை கழிவு வழங்க நீதிபதிகளுக்கு இடமுண்டு என்பதை 2014ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தமிழர்களும் ஆறு மாத எல்லையும்

1990களில் ஸ்கார்பரோவில் தமிழ் இளைஞர் குழுக்களுக்கிடையே நடந்த மோதல்கள் சமூகத்தை அச்சத்தில் ஆழ்த்தின. இதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன. சமூகத்துக்குள்ளிருந்து, தமிழ் இளைஞர்களுக்கு வழிகாட்டவும் கல்வியில் கைகொடுக்கவும் இளைஞர் அமைப்புகள் எழுந்தன. அரசுத் தரப்பில், 2001 அக்டோபரில் டொராண்டோ பொலிசாரும் குடிவரவு அதிகாரிகளும் இணைந்து, குழு உறுப்பினர்கள் என்று கருதியோரை நாடுகடத்தும் நோக்கில் கைது செய்தனர்.

இந்த இரண்டாவது பதில் ஒரு சட்ட உண்மையை வெளிச்சமிட்டது. கனேடியச் சட்டத்தில் நாடுகடத்தல் என்பது தண்டனை அல்ல, குடிவரவு நிர்வாக நடவடிக்கை. ஆகவே குற்றத்துக்கேற்ற அளவு என்ற விதி அதைக் கட்டுப்படுத்துவதில்லை. சிறுவயதில் பெற்றோருடன் வந்து, இங்கேயே பள்ளி சென்று, குடியுரிமைக்கு மட்டும் விண்ணப்பிக்காமல் விட்ட ஒருவருக்குச் சிறைத் தண்டனையைவிட இந்த விளைவே பாரதூரமானது.

நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவர், பத்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட உச்சத் தண்டனை கொண்ட குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலோ, எந்தவொரு மத்தியச் சட்டத்தின் கீழும் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட சிறை பெற்றாலோ, நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கக்கூடும். மனிதாபிமானக் காரணங்களை முன்வைத்துக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவை அணுகும் உரிமை, முன்னர் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை பெற்றோருக்கு இருந்தது. 2013 ஜூனில் வந்த சட்டம் அந்த எல்லையை ஆறு மாதங்களாகக் குறைத்தது. ஆறு மாதச் சிறை பெற்றவருக்கு அந்தக் கதவு மூடப்படுகிறது. ஒரு நாள் குறைவாகப் பெற்றவருக்குத் திறந்திருக்கிறது.

2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஃபாம் தீர்ப்பு இங்குதான் முக்கியத்துவம் பெறுகிறது. இரண்டு ஆண்டுகள் சிறை பெற்ற வெளிநாட்டவர் ஒருவரின் தண்டனையில் ஒரு நாளைக் குறைத்த நீதிமன்றம், குடிவரவு விளைவுகளைத் தண்டனை விதிக்கும் நீதிபதி கவனத்தில் கொள்ளலாம் என்று கூறியது. ஆனால் நாடாளுமன்றத்தின் விருப்பத்தை ஏய்க்கும் விதமாகப் பொருந்தாத குறைந்த தண்டனை விதிக்கக் கூடாது என்றும் எச்சரித்தது. சமூகத்தில் கழிக்கப்படும் நிபந்தனைத் தண்டனை, குடிவரவுச் சட்டம் கூறும் சிறைத் தண்டனை ஆகாது என்று 2017 அக்டோபரில் வெளியான ட்ரான் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

பலரும் அறியாத இன்னொரு மாற்றம் 2018 டிசம்பர் 18 ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மதுபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுகளிலிருந்து பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இதனால், வெறும் அபராதத்துடன் தப்பிய நிரந்தர வதிவாளரும் பாரதூரமான குற்றம் செய்தவர் என்ற வகைக்குள் வந்துவிடுகிறார்.

சீக்கிரம் முடிந்தால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், குடிவரவு விளைவு என்ன என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிவது இதனால் இன்றியமையாததாகிறது. நிபந்தனை விடுவிப்பு, வீட்டுக் காவல், ஆறு மாதங்களுக்கு ஒரு நாள் குறைவான சிறை ஆகியவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம், ஒரு குடும்பம் டொராண்டோவில் சேர்ந்து வாழுமா பிரியுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

பாதிக்கப்பட்டோரின் கேள்வி

குற்றவாளியின் வாழ்க்கையை இவ்வளவு ஆராயும் சட்டம் பாதிக்கப்பட்டவரை மறக்கிறதா என்ற கேள்வியும் நியாயமானதே. தம் இழப்பைப் பற்றிய வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் வாசிக்கும் உரிமையும், ஈடு கோரும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. 2015ல் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டமும் வந்தது.

டொராண்டோவில் எட்டுப் பேரைக் கொன்ற புரூஸ் மெக்கார்தர் 2019ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கொல்லப்பட்டோரில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் இருந்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பரோல் கூடாது என்று அரசுத் தரப்பு கேட்டது. குற்றவாளியின் வயதையும் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதையும் கருதி, ஆயுள் தண்டனையோடு 25 ஆண்டுகளுக்குப் பரோல் இல்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அப்போது 67 வயதான அவருக்கு, பரோல் கேட்கும் தகுதி வரும்போது 91 வயதாகியிருக்கும். எட்டு உயிர்களுக்கும் ஓர் உயிருக்கும் ஒரே கணக்கா என்று பலர் கேட்டனர்.

கியூபெக் மசூதிப் படுகொலை வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக இதற்குப் பதிலளித்தது. பரோல் பெறாத காலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உயிருள்ளவரை வெளிவரும் நம்பிக்கையையே பறிப்பது மனித கண்ணியத்துக்கு முரணானது என்றது. பரோல் கேட்கும் உரிமை விடுதலை பெறும் உரிமை ஆகாது என்பதையும் அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது.

தமிழர் வாழும் பிற நாடுகளில்

இந்தியாவில் நீதிபதிகளுக்கான தண்டனை வழிகாட்டு நெறிகள் தேவை என்று 2003ல் மளிமத் குழு பரிந்துரைத்தும் அவை சட்டமாகவில்லை. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையை முதன்முறையாகத் தண்டனையாக்கியது. இலங்கையில் சிறைக்குப் பதிலாகச் சமுதாயம்சார் சீர்திருத்தக் கட்டளைகளுக்கு 1999லேயே சட்டம் இயற்றப்பட்டது. மரண தண்டனை 1976க்குப் பின் அங்கு நிறைவேற்றப்படவில்லை.

மலேசியா 2023ல் கட்டாய மரண தண்டனையை ஒழித்துத் தீர்மானத்தை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. சிங்கப்பூர் போதைப்பொருள் குற்றங்களில் 2012ல் குறுகிய அளவிலேயே விலக்கு அளித்தது. அறிவுத்திறன் குறைபாடு இருப்பதாக வாதிடப்பட்ட மலேசியத் தமிழர் ஒருவர் 2022 ஏப்ரலில் அங்கு தூக்கிலிடப்பட்டது உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது.

முடிவுறாத சீர்திருத்தம்

கனடாவில் ஊசல் இன்னும் நிற்கவில்லை. 2025 அக்டோபரில் மார்க் கார்னி அரசு, மீண்டும் மீண்டும் வன்முறையில் ஈடுபடுவோருக்கும் வாகனத் திருட்டுக்கும் பிணையையும் தண்டனையையும் கடுமையாக்கும் மசோதாவை முன்வைத்தது. அதே மாத இறுதியில், சிறார் பாலியல் படங்களை வைத்திருப்பதற்கான ஓராண்டுக் கட்டாயத் தண்டனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது கடும் அரசியல் எதிர்ப்பைக் கிளப்பியது.

1987ல் கேட்கப்பட்ட நிரந்தரத் தண்டனை ஆணையம் உருவாகாததால், ஒரே விதமான குற்றத்துக்கு வெவ்வேறு நீதிமன்றங்கள் எப்படித் தண்டிக்கின்றன என்பதைத் தொடர்ந்து ஒப்பிட்டுச் சொல்லும் அமைப்பு கனடாவில் இல்லை. இங்கிலாந்தில் 2010 முதல் தண்டனை மன்றம் ஒன்று அந்தப் பணியைச் செய்கிறது. நீதிபதிக்குச் சுதந்திரம் வேண்டும் என்று வாதிடுவோரே, அந்தச் சுதந்திரம் எப்படிப் பயன்படுகிறது என்பதை அளந்து வெளியிடும் அமைப்பையும் கோர வேண்டியவர்கள் என்பது ஆணையத்தை ஆதரிப்போரின் நிலைப்பாடு.

டொராண்டோவின் அனுபவம் எளிய விடை எதையும் தரவில்லை. ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் என்றோ ஆறு மாதங்கள் என்றோ சட்டம் கோடு கிழிக்கும்போது, மனிதரை எடைபோடும் வேலை மறைந்துவிடுவதில்லை. அது வேறொருவரின் கைக்கு, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, மாறிச் செல்கிறது. அந்த வேலை திறந்த நீதிமன்றத்தில், காரணங்கள் கூறப்பட்டு, மேல்முறையீட்டுக்கு உட்பட்டு நடப்பதா இல்லையா என்பதே தண்டனைச் சீர்திருத்தத்தின் மையக் கேள்வி.

கடைசித் தூக்குமேடை நின்ற பழைய டான் சிறைக் கட்டடம், 2013 முதல் அருகிலுள்ள மருத்துவமனையின் நிர்வாக அலுவலகமாகப் பயன்படுத்தப்படுகிறது.